வன்னியில் கள்ளுத் தவறணைகளுக்குப் போய் மதிப்பீடு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு தவறணைக்குள் நுழைந்து, ஒரு போத்தலைக் குடித்துவிட்டு, "கள் பரவாயில்லை, இடம் சுமார்" என்று எழுத வழிகாட்டி தேவையில்லை. அதை நம்பி இன்னொருவர் பஸ் ஏறிப் போய் ஏமாறக் கூடாது என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பியரைப் பற்றி எழுதுவது எளிது. ஆலையில் அடைத்தது எந்த ஊரில் திறந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கள் அப்படியில்லை. காலை பத்து மணிக்கு இருந்த கள் மாலை நாலு மணிக்கு இருக்காது. எந்த மரம், எந்தப் பருவம், எத்தனை மணி என்ற மூன்றையும் சொல்லாத மதிப்பீட்டை வைத்து வாசகர் எதையும் தீர்மானிக்க முடியாது. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சரியாகப் பிடிப்பதற்கானவை.

1. எதை மதிப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். நகர வீதியோரத்தில் கம்பிவலைக்குப் பின்னால் நின்று போத்தலை நீட்டும் மதுபானக் கடை வேறு. மேசை, கதிரை, குளிரூட்டி வைத்து உணவோடு பரிமாறும் பார் வேறு. கள்ளுத் தவறணை முற்றிலும் வேறு.

தவறணைகளில் பல பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் நடப்பவை. சீவல் தொழிலாளர்கள் இறக்கும் கள் சங்கத்துக்கு வருகிறது. சங்கம் அளந்து வாங்கித் தவறணையில் விற்கிறது. அங்கே குளிரூட்டி இல்லை என்று குறை எழுதுவது, மீன் சந்தையில் பூ வாசம் இல்லை என்று முறையிடுவதைப் போன்றது. ஒரு தவறணையை இன்னொரு தவறணையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சங்கங்கள் சூடாக்கிப் பதப்படுத்தி அடைத்து விற்கும் போத்தல் கள்ளுக்குத் தனிப் பகுதி வையுங்கள். அதில் நொதிப்பு நிறுத்தப்பட்டிருக்கும். மரத்துக் கள்ளோடு வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் அநியாயம்.

கசிப்பு இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் வராது. அது சட்டவிரோதம், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது. "ஒருமுறை சுவைத்துப் பார்த்து எழுதலாமே" என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பதுதான் பதில்.

2. பருவத்தையும் நாளையும் பாருங்கள்

கார்த்திகை மழையில் வவுனியாவில் இறங்கி, பனங்கள் எங்கே என்று கேட்டு அலைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் காணலாம். பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. தை, மாசியில் சூடு பிடித்து, பங்குனி முதல் வைகாசி வரை நிறையக் கிடைத்து, ஆடி ஆவணியோடு தணிந்துவிடும். தென்னங்கள் ஆண்டு முழுவதும் இறங்கும். ஆனால் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மரம் வழுக்கும், கள் சொட்ட மரத்தில் கட்டும் பானையான முட்டிக்குள் மழைநீர் இறங்கும். அந்த நாட்களில் கிடைப்பதை வைத்து ஒரு தவறணைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பிறகு நாள். போயா தினங்களில் இலங்கை முழுவதும் மது விற்பனை இல்லை. மதுவரித் திணைக்களம் அறிவிக்கும் வேறு சில நாட்களும் உண்டு. நாட்காட்டியில் முழுநிலவு நாளைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். போயாவுக்கு முந்திய மாலையும் நல்லதல்ல. கூட்டம் நெரியும், கள் சீக்கிரம் முடியும், கடைசியில் வருபவருக்கு என்ன ஊற்றப்படும் என்று சொல்ல முடியாது.

வார நாளில் போவதே என் விருப்பம். ஞாயிற்றுக்கிழமைத் தவறணை கொண்டாட்ட முகத்தைக் காட்டும். அதன் அன்றாட முகம் செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.

3. சட்டத்தின் எல்லை எது என்று தெரிந்து வையுங்கள்

இதைப் படிக்காமல் தாண்டுபவர்கள் அதிகம். சிக்கல் வருவதும் இங்கேதான்.

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. மது விளம்பரத்தையும் தடை செய்கிறது. மதிப்பீடு எழுதுபவருக்கு இந்த இரண்டாவது தடைதான் முக்கியம். தவறணைக்காரர் இலவசமாக ஊற்ற, நீங்கள் புகழ்ந்து எழுதினால், அது விளம்பரத்துக்கு மிக அருகில் போய்விடுகிறது. ஆகவே எப்போதும் உங்கள் காசில் குடியுங்கள். "இங்கே வாருங்கள்", "இன்று விலை குறைவு" போன்ற அழைப்பு வாசகங்களை எழுதாதீர்கள். போத்தல் சுட்டுத்துண்டைப் பெரிதாகக் காட்டும் படம் வேண்டாம்.

பெண் வாசகர்களுக்கு ஒரு செய்தி. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979 ஆம் ஆண்டு அறிவித்தல் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இதை அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தவறணை வாசலில் நின்று வாதாடினால் அங்கே சம்பளத்துக்கு நிற்கும் ஊழியர்தான் மாட்டுவார். கேட்டுவிட்டுப் போவது நல்லது.

4. கொண்டு போக வேண்டியவை

சில்லறைக் காசு. பெரிய நோட்டை நீட்டினால் மிச்சத்துக்கு நீங்கள் காத்திருக்க, பின்னால் நிற்பவர்கள் உங்களை முறைப்பார்கள்.

இரண்டு தண்ணீர்ப் போத்தல்: ஒன்று குடிக்க, மற்றது வாய் கொப்பளிக்க. வன்னி வெயிலில் தாகத்தோடு கள் குடித்தால் எந்தக் கள்ளும் தேவாமிர்தமாகத் தெரியும். தாகம் தீர்ந்த பிறகு குடிப்பதுதான் மதிப்பீடு.

நிறமில்லாத சிறிய கண்ணாடிக் குவளை ஒன்று. தவறணையில் பிளாஸ்டிக் கோப்பை அல்லது ஜக் தருவார்கள். பனையோலைப் பிளா எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. பிளாஸ்டிக்கில் நிறமும் நுரையும் சரியாகத் தெரியாது, பழைய வாசனையும் ஒட்டியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே குவளையில் சுவைத்தால்தான் ஒப்பிட முடியும்.

சிறிய குறிப்பேடும் பேனாவும். கைபேசியில் குறித்தால் படம் எடுப்பதாக நினைப்பார்கள். வயிற்றுக்குள் சோறு இருக்க வேண்டும் என்பதையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. போகும் ஒழுங்கைத் தீர்மானியுங்கள்

ஒரு நாளில் இரண்டு தவறணை போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. நாக்கை விட வெறி அதிகம் பேசும்.

நகரத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியில் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று பஸ் நிற்கும் இடங்கள் வரிசையாக இருப்பதால் வாகனம் இல்லாமலே போய்வரலாம். இவற்றில் பல இடங்களில் புகையிரத நிலையமும் உண்டு. மோட்டார் சைக்கிளை வீட்டில் விடுங்கள். குடித்தவர் ஓட்டக் கூடாது என்பது ஒரு காரணம். குடிக்காத நண்பர் ஓட்டினாலும், அவர் வெளியே சலித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் அவசரமாகச் சுவைப்பீர்கள் என்பது இன்னொரு காரணம்.

மரத்துக்கு அருகில் உள்ள தவறணையை முதலில் வையுங்கள், நகரத்துத் தவறணையைப் பிறகு. நகரத்துக்கு வரும் கள் வழியில் வெயிலில் குலுங்கிப் புளித்திருக்கும். புளிப்பு மிகுந்ததை முதலில் குடித்தால், பிறகு வரும் நல்ல கள் சப்பென்று தெரியும்.

திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகும் வீதி காட்டுப் பகுதி. பொழுது சாய்ந்தால் யானை குறுக்கே வரும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவறணையில் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

6. உள்ளே போனதும் முதல் பத்து நிமிடம்

உடனே வாங்காதீர்கள். ஓரமாக நின்று மூன்றைப் பாருங்கள்: அனுமதிப்பத்திரம் தொங்குகிறதா, விலைப்பலகை இருக்கிறதா, எதால் அளக்கிறார்கள். அளவைப் பாத்திரத்தைப் பார்ப்பதன் காரணம் எளியது. விலை போத்தல் கணக்கில் இருக்கும், ஊற்றுவதோ ஜக்கில். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்து ஆளுக்கு ஊற்றும்போதே தெரிந்துவிடும்.

பிறகு பேச்சு. மூத்தவரை "ஐயா" என்றும் மற்றவர்களை "அண்ணை" என்றும் அழைத்தால் போதும். "அண்ணை, இது இன்றைக்குக் காலையில் இறக்கியதா? பனையா, தென்னையா?" இந்த இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் வரும் தவறணை பெரும்பாலும் நல்ல தவறணை. "எல்லாம் நல்ல கள்தான்" என்று பதில் வந்தால் குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள்.

மதிப்பீடு எழுத வந்திருக்கிறேன் என்று அறிவிக்க வேண்டாம். சொன்னால் உங்களுக்கு மட்டும் நல்ல முட்டியிலிருந்து வரும். யாராவது நேரடியாகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

படம் எடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. கோப்பையை எடுங்கள், பலகையை எடுங்கள், மனிதர்களை எடுக்காதீர்கள். காலையில் வயலிலோ கடலிலோ உழைத்துவிட்டு வந்து அமர்ந்திருப்பவரின் முகம் இணையத்தில் வந்தால், அவர் வீட்டில் நடக்கும் சண்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அவர் மகளின் பாடசாலை வரை அந்தப் படம் போகும்.

போரைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்காதீர்கள். கால் இழந்தவரிடம் எப்படி இழந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் பதிலை மதிப்பீட்டில் உணர்ச்சிக்குச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர் அங்கே வந்தது உங்களுக்குப் பேட்டி கொடுக்க அல்ல.

7. சுவைக்கும் முறை

இதுதான் முக்கியமான படி, ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் கள்ளின் வயதைக் கணக்கிடுங்கள். சீவுபவர் விடியற்காலையிலும் மாலையிலும் மரம் ஏறிப் பாளை சீவுகிறார். காலையில் இறங்குவது இரவு முழுவதும் முட்டியில் சொட்டியது. மாலையில் இறங்குவது பகல் வெயிலில் சொட்டியது. நொதிப்பு முட்டிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இரவுக் குளிரில் அது மெதுவாக நடக்கும், பகல் சூட்டில் விரைவாக நடக்கும். அதனால்தான் காலைக் கள்ளில் இனிப்பு மிஞ்சியிருக்கும், மாலைக் கள் கடுப்பாக இருக்கும். காலை பத்து மணிக்குப் போனவர் "இனிப்பு அதிகம், ஏறவில்லை" என்றும், மாலையில் போனவர் "புளிப்பு அதிகம்" என்றும் ஒரே தவறணையைப் பற்றி எழுதினால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள். மணியைச் சொல்லாததுதான் பிழை.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் நொதிப்பு தடைப்படும். அதுதான் கருப்பணி, பனங்கட்டி காய்ச்சுவது அதிலிருந்து. யாராவது "இனிப்புக் கள்" என்று கொடுத்தால் அது கருப்பணியா, இளங்கள்ளா என்று கேட்டுக் குறியுங்கள்.

குவளையில் கால்வாசி ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல கள் பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருக்கும். ஓரத்தில் சிறு குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். எறும்போ தேனீயோ மிதந்தால் முகம் சுளிக்க வேண்டாம்; வடிகட்டியில் தப்பியது அவ்வளவுதான். முட்டி திறந்திருந்தது என்பதற்கு அது அடையாளம், குற்றத்துக்கு அடையாளம் அல்ல.

மணந்து பாருங்கள். பனங்கள்ளுக்கு அழுத்தமான மணம் உண்டு, தென்னங்கள் மென்மையானது. வினாகிரி மணம் மூக்கில் குத்தினால் ஒருநாள் தாண்டிய கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கழுவாத முட்டியில் இறக்கிய கள்ளும் சீக்கிரமே அப்படியாகும், ஆகவே உடனே "பழைய கள்ளை விற்கிறார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் வாயைக் கொப்பளித்து விழுங்குங்கள், இரண்டாவது வாயில் எழுதுங்கள். இனிப்பு, புளிப்பு, கடுப்பு, விழுங்கிய பின் தொண்டையில் நிற்பது என்ற நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு அரை மணி நேரம் கழித்து அதே குவளையில் மீண்டும் சுவையுங்கள். இதைப் புதியவர்கள் செய்வதே இல்லை. உயிருள்ள கள் அந்த அரை மணியில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சீனியும் ஈஸ்டும் கரைத்துப் பெருக்கியதாக இருந்தால் இனிப்பு ஒரு பக்கமும் புளிப்பு ஒரு பக்கமுமாக ஒட்டாமல் நிற்கும், உதட்டில் பிசுபிசுக்கும். தண்ணீர் கலந்ததில் மணம் முதலில் போய்விடும். இவை சந்தேகத்துக்கான குறிகள் மட்டுமே. நாக்கு ஆய்வுகூடம் அல்ல. கலப்படம் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுவதற்கு அது போதாது. "எனக்கு மணம் குறைவாக இருந்தது" என்று எழுதலாம்.

கள் மென்மையானது என்று எண்ணிப் போத்தல் கணக்கில் ஏற்றாதீர்கள். நன்றாக நொதித்த கள்ளில் மதுசாரம் ஐந்து சதவீதம் அளவில் இருக்கும், சாதாரண லாகர் பியருக்குக் கிட்டத்தட்டச் சமம். மதிப்பிடுவதற்கு அரைப் போத்தல் தாராளம்.

8. கூடவே விற்பது

தவறணைக்கு வெளியே ஒரு சிறு மேசையில் பைற்ஸ் இருக்கும்: அவித்த கடலை, முட்டை, பொரித்த மீன், கணவாய், சில நாட்களில் மரவள்ளிக்கிழங்கு. கடற்கரைப் பக்கம் நண்டு. குளத்து ஊர்களில் யப்பான் மீனும் விராலும்.

கள்ளைச் சுவைத்து முடித்த பிறகே இதைத் தொடுங்கள், ஏனென்றால் மிளகாய்த்தூள் ஏறிய நாக்குக்குப் புளிப்புத் தெரியாது. அதை விற்பவர் பெரும்பாலும் தவறணையைச் சேர்ந்தவரல்லர், ஆகவே அதற்குத் தனி மதிப்பீடு எழுதுங்கள்.

"காட்டு இறைச்சி இருக்கிறது" என்று யாராவது காதோடு சொன்னால், மானோ மரையோ, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம்.

9. வெளியேறுவதும் திரும்புவதும்

மலசலகூடம் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். வாசகருக்கு இது கள்ளின் நிறத்தை விடப் பயனுள்ள தகவல். இல்லையென்றால் பற்றைக்குள் இறங்குவது வன்னியில் எல்லா இடத்திலும் பாதுகாப்பானதல்ல. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நடக்கும் பகுதிகள் உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் ஓர் அடியும் வைக்க வேண்டாம். பனைமரத்தைப் படம் எடுக்க வடலிக்குள் நுழைபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கள்ளைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுபவர்கள் மூடியை இறுக்குகிறார்கள். நொதிப்பு நிற்காது, வாயு திரண்டு மூடி பறக்கும், சிலவேளை போத்தலே வெடிக்கும். பக்கத்தில் இருந்தவரின் புடவையில் கள் வாசத்தோடு முறிகண்டி வரை பயணம் செய்வது இனிமையான அனுபவமல்ல. எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

மறுநாள் காலையில் தலை எப்படி இருந்தது என்பதையும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். அரைப் போத்தலுக்கே தலை இடித்தால் அது ஒரு தகவல்.

10. இரண்டாவது முறை போகாமல் எழுதாதீர்கள்

முதல் முறை காலையில் போனால் இரண்டாவது முறை மாலையில் போங்கள். முடிந்தால் வேறு கிழமையில். முதல் நாள் மோசமாக இருந்த தவறணைக்கு இது கட்டாயம். ஒரு சீவல் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றாலே அன்றைய கள் வேறு இடத்திலிருந்து வரும்.

11. எழுதும்போது

மேலே முதல் வரியிலேயே திகதி, மணி, மரம், போத்தல் விலை ஆகிய நான்கும் வரட்டும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று மொத்த மதிப்பெண் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. கள், அளவு, துப்புரவு, இடம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நல்ல கள்ளும் அழுக்கான பெஞ்சும் சேர்ந்து "மூன்று" ஆகிவிட்டால் வாசகர் எதற்காகப் போவது, எதற்காகத் தவிர்ப்பது?

சீவுபவர்களின் சாதியைத் தொட்டுக் கேலி, இரட்டை அர்த்தம், "குடிமகன்" நகைச்சுவை எதுவும் வேண்டாம். உயிரைத் தளைநாரில் கட்டி மரம் ஏறுகிறவர் இறக்கியதைத்தான் நீங்கள் மதிப்பிடுகிறீர்கள்.

தவறணை பாடசாலைக்கோ கோவிலுக்கோ அருகில் இருந்தால் அதையும் எழுதுங்கள். வன்னியில் மதுவால் இடிந்த குடும்பங்கள் நிறைய. புதிய மதுபானக் கடைகளுக்கு எதிராக ஊர்ப் பெண்கள் வீதியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களும் உங்கள் மதிப்பீட்டை வாசிப்பார்கள். கள் நன்றாக இருந்தது என்பதும், அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது என்பதும் ஒரே பத்தியில் வரலாம்.

சிறிய ஒழுங்கைக்குள் இருக்கும் தவறணைக்கு வழி சொல்லும்போது பக்கத்து வீட்டை அடையாளமாகக் காட்டாதீர்கள். சந்தி, பஸ் தரிப்பிடம், குளக்கட்டு போதும்.

பருவம் முடிந்ததும் பழைய மதிப்பீட்டின் தலைப்பில் "இந்த ஆண்டுப் பனங்கள் பருவத்துக்கு மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த தையில் விலையும் மாறியிருக்கும், சீவுபவரும் மாறியிருக்கலாம். திருத்துவதற்கு முன் முகாமையாளரிடம் ஒருமுறை கேளுங்கள்.